போன் டீச்சர்

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தியை வீட்டுக்கு முதலில் கொண்டுவந்தது நாத்தனார்தான். நல்ல செய்தி கொண்டுவரும் பழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "தெறக்கப் போறாங்களாமே, நீ என்ன பண்ணப் போறே?" என்று கேட்டாள். டீச்சர் அப்போது புருஷனுக்கான காயை உப்பில்லாமல் வேகவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, போய்த்தானே ஆகவேண்டும் அண்ணி என்றாள்.

அப்படிக் கேட்க நாத்தனாருக்கு உரிமை இருந்தது. அவளுடைய சிறுநீரகங்களில் ஒன்று இப்போது தம்பியின் வயிற்றில் இருந்தது. தொற்று பரவத் தொடங்கி ஊரே கதவைச் சாத்திக்கொண்ட அதே வாரத்தில்தான் ஆபரேஷன் நடந்தது. வைத்த சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மட்டுப்படுத்தும் மாத்திரைகளை அவர் காலையும் மாலையும் விழுங்கவேண்டும், ஆயுசு முழுக்க. மற்றவர்களுக்குச் சளி பிடித்தால் மூக்கு ஒழுகும், அவருக்குப் பிடித்தால் ஆஸ்பத்திரி. இந்தத் தொற்று வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டார்கள். வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுமட்டும் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தடுப்பூசி என்பது செய்தியில் மட்டும் வந்துகொண்டிருந்த காலம் அது.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து எதையாவது கொண்டுவந்து இவனுக்குக் குடுத்தே, வெச்சுக்கோ, நான் குடுத்ததைத் திருப்பிக் கேட்டுருவேன்" என்றாள் நாத்தனார்.

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. "ரசீது வெச்சிருக்கியா அக்கா?"

சிரிப்பு வந்தது டீச்சருக்கு. நாத்தனாருக்கும் வந்திருக்கவேண்டும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அவர் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றுகிறவர். தெருவில் அவருக்குக் காயில்காரர் என்றே பெயர். கடைத்தெருவில் இருந்த கடையை மூடியபிறகு முன்னறையே பட்டறையாகிவிட்டது. கருகிய மின்விசிறியைக் கொண்டுவருகிறவர்கள் அதை வாசல்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். அது வெயிலில் கிடந்து காய்ந்தபிறகுதான் உள்ளே வரும். பழைய கம்பியை வெட்டி உருவி, புதிய தாமிரக்கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைப்பார். வீடு முழுக்க அந்த வார்னிஷ் வாடைதான். தினமும் அதை முகர்ந்து பார்த்துக்கொள்வது டீச்சருக்கு வழக்கமாகிப் போனது. வாடை தெரிகிறவரை மூக்கு நன்றாக இருக்கிறது, அதாவது தனக்கு ஒன்றும் வந்துவிடவில்லை என்று ஒரு தெம்பு.

வேலையை விடலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. இருந்த விடுப்பெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததிலேயே போயிற்று. அதற்குமேல் அவருடைய மாத்திரைகள் வருவதே அவள் வேலைக்கான காப்பீட்டில்தான். போனால் நோயைக் கொண்டுவரலாம், போகாவிட்டால் மருந்து வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் என்று அவரிடம் சொன்னபோது, நல்லவேளை, கூரை இருக்கிறது என்றார் அவர். எதற்கெடுத்தாலும் இப்படி ஒரு பேச்சு. சில நாள் அது அவளைத் தூக்கி நிறுத்தும், சில நாள் எரிச்சலூட்டும்.

வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். முன்னறையும் அதை ஒட்டிய குளியலறையும் அவருக்கு. சமையல்கட்டும் பின்கட்டும் அவளுக்கு. நடுக்கதவு சாத்தியே இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து பின்வழியாக வந்து, துணியைச் சோப்புத்தண்ணீரில் அமுக்கி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவாள். தட்டைக் கதவோரம் வைத்துத் தட்டிவிட்டு விலகிக்கொள்வாள். அவர் எடுத்துக்கொண்டு, கதவின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார். இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று அவர் சொல்வார். முகம் பார்த்துச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைப்பாள், சொல்லமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் தலைக்கு மேல் வேலை. வகுப்பறைக் கதவைத் திறந்தபோது பெஞ்சுகளில் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஜன்னல்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன. காற்றோட்டம் வேண்டும் என்பது உத்தரவு. சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள், ஒன்று கழன்று வெளியே விழுந்தது. அது இனி மூடவே மூடாது, ரொம்ப நல்லது என்றார் தலைமையாசிரியர். தூங்கி எழுந்ததுபோலவே எப்போதும் இருக்கும் மனிதர் அவர், இப்போது தூங்கவே இல்லாததுபோல இருந்தார். பெஞ்சுக்கு ஒரு பிள்ளை. பாதிப் பிள்ளைகள் ஒருநாள், மீதிப் பிள்ளைகள் மறுநாள். தரையில் வட்டம் வட்டமாகப் பெயிண்ட் அடித்து, வட்டத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டும். தொடக்கூடாது, தூக்கக்கூடாது, மூக்குத் துடைத்துவிடக்கூடாது. ஒன்றாம் வகுப்பில் இதையெல்லாம் செய்யக்கூடாது என்றால் மிச்சம் என்னதான் இருக்கிறது என்று டீச்சர் கேட்டாள். நானா சட்டம் போட்டேன் என்றார் தலைமையாசிரியர்.

முதல்நாள் பிள்ளைகள் வந்தன. அழுகை இல்லை, ஓட்டம் இல்லை, அவரவர் வட்டத்தில் நின்றுகொண்டு ஒன்றையொன்று வேடிக்கை பார்த்தன. இடைவேளைக்குள் நிலைமை மாறிவிட்டது. ஒரு பையன் தன் முகக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். கேட்டால், அதில் பூனைப் படம் இருக்கிறதாம், நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவானாம். டீச்சர் இரண்டையும் குச்சியால் எடுத்துக் குப்பையில் போட்டாள். பூனைக்காரன் அன்றைக்கு முழுக்க அழுதான், அவனைத் தட்டிக்கொடுக்கவும் வழியில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போயிருந்தது.

அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விடச் சின்னவள் ஒருத்தி. சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அவள் அம்மா ஒரு பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிறவள், எழுதப்படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது டீச்சர் போனில் அனுப்பிய பாடங்களை ஒன்றுவிடாமல் பார்த்தவள் சுண்டு ஒருத்திதான் என்று அம்மா வாசலில் நின்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தப் பாடங்களை யாருமே பார்ப்பதில்லை என்றுதான் எல்லாரும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

எங்கே, பத்துவரை எழுது பார்ப்போம் என்று சிலேட்டைக் காட்டினாள் டீச்சர். சுண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதிவிட்டுச் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். மூன்று, நான்கு, ஏழு, ஒன்பது எல்லாமே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றன. வலது ஓரத்தில் ஒன்றில் தொடங்கி, இடது ஓரத்தில் பத்தில் வந்து முடிந்திருந்தது வரிசை. ஒன்றும் எட்டும்தான் தப்பித்தன, அவற்றுக்கு முதுகு எது முகம் எது என்று தெரியாததால்.

சின்னப் பிள்ளைகள் ஒன்றிரண்டைத் திருப்பி எழுதுவது சகஜம். அத்தனையையும் இப்படிப் பிசகாமல் திருப்பி எழுதும் பிள்ளையை டீச்சர் பார்த்ததில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள்.

"போன் டீச்சர்."

அன்று சாப்பிடும்போது நடுக்கதவு வழியாக அவரிடம் சொன்னாள். அவர் தட்டை வைத்துவிட்டுப் போனில் பழைய பாடங்களைத் தேடினார். ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்ப்பது கேட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, இவள் எழுந்து கதவுக்கு அருகில் போய் நிற்கவேண்டியதாயிற்று.

முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தாள். அது அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். பார்க்க வரக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இவள் தனியாகச் சமையல்கட்டில் ஒரு டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்து, சின்னக் கரும்பலகையில் எண்களை எழுதிக் காட்டியிருந்தாள். தன் தலை தெரிகிறதா என்று பார்த்தாளே தவிரப் பலகையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைத் திரும்பப் பார்க்கும் தெம்பும் அப்போது அவளுக்கு இல்லை, எடுத்தது எடுத்தபடி அனுப்பிவிட்டாள். அந்தப் போன் கண்ணாடியில் காட்டுவதுபோல எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிப் பதிவுசெய்திருந்தது. அவர் வீடு திரும்பி, போனைக் கையில் பிடித்துப் படமெடுத்துக் கொடுத்தபிறகு வந்த பாடங்கள் நேராக இருந்தன. எழுத்துப் பாடங்கள் அதற்குப் பிறகு எடுத்தவை, தப்பின, எண்கள் மாட்டிக்கொண்டன.

மறுநாள் வாசலில் ஒரு அப்பாவைக் கேட்டாள். எங்கள் போனில்தான் கோளாறு என்று நினைத்தோம் டீச்சர், நாங்களே நேராக எழுதிக் காட்டிவிட்டோம் என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. படிக்கத் தெரிந்த வீடுகளில் சரிசெய்துகொண்டார்கள். மற்ற வீடுகளில் பார்க்கவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே பிள்ளைதான் கெட்டுப்போயிருந்தது. டீச்சருக்கு அவமானமாக இருந்தது, யார்மேல் என்று தெரியாத கோபமும் வந்தது.

திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பிள்ளையின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, சின்னக்கையைத் தன் கைக்குள் வைத்து, கூடவே சேர்ந்து எழுதினால் கை தானாகப் பழகிவிடும். எத்தனையோ பிள்ளைகளை அப்படித்தான் எழுதவைத்திருந்தாள். இப்போது அந்தக் கையைத்தான் தொடக்கூடாது. புள்ளி வைத்துக் கொடுத்தாள், புள்ளிமேல் சுண்டு நேராக எழுதினாள், புள்ளி இல்லாவிட்டால் பழையபடி முதுகைக் காட்டினாள். நீளக்குச்சியால் தூரத்திலிருந்து காட்டிக்கொடுத்தாள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று காற்றில் எழுதினாள். வகுப்பு முழுக்கக் காற்றில் எழுதியது, சுண்டுவும் எழுதினாள், சிலேட்டைக் கொடுத்தால் மறுபடியும் அதே கதை. பருவம் தப்பி மழை வேறு. மூடாத ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்க, பிள்ளைகளை வட்டத்தோடு வட்டமாக நகர்த்தி நகர்த்திப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒருநாள் சுண்டுவே அலுத்துப்போய்ப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நீங்க தப்பா சொல்லித் தர்றீங்க. போன் டீச்சர் எப்ப வருவாங்க?"

"நான்தான்டி அது."

"இல்ல. அவங்களுக்கு வாய் இருக்கும்."

பள்ளிக்கூடம் மூடியிருந்தபோதே சேர்ந்த இந்தப் பிள்ளை தன் முகத்தை நேரில் பார்த்ததே இல்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரலும் வேறு. முகம் தெரியாத யாரோ ஒருத்தி வந்து, முகம் தெரிந்தவள் சொன்னதைத் தப்பு என்கிறாள், பிள்ளை யாரை நம்பும்? சொன்னால் சிரிப்பார்கள், அந்தப் போனில் இருந்தவள்மேல் டீச்சருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மழை விட்டிருந்தது. மற்றப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுண்டுவை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். நல்ல காற்று. அவளை ஒரு மரத்தடியில் நிற்கவைத்து, தான் தள்ளிப்போய் நின்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். சுண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "பல்லு அதேதான்" என்றாள். டீச்சருக்கு முன்பல் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியிருக்கும்.

"நம்புறியா? நான்தான். அப்ப நான்தான் பார்க்காம திருப்பிக் காட்டிட்டேன். தப்பு என்னோடது, உன்னோடது இல்ல."

"அப்ப நான் எழுதினதெல்லாம் தப்பா?"

"எழுதினது..."

"தெனமும் எழுதினேனே. அம்மா கொண்டுவர்ற பெட்டி அட்டை எல்லாத்துலயும் எழுதினேன். வீடு பூரா எழுதினேனே."

அழுது அடம்பிடிக்கிற பிள்ளை இல்லை அவள். உதடுமட்டும் முகக்கவசத்துக்குள் நடுங்குவது துணியில் தெரிந்தது. டீச்சர் எப்போது நடந்தாள், எப்போது ஈரமண்ணில் மண்டியிட்டாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. பிள்ளையின் பின்னால் உட்கார்ந்து, கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. தலைமுடி தாடையில் உரசியது. ஒன்று எழுதினார்கள், இரண்டு எழுதினார்கள். மூன்றில் அந்தச் சின்ன விரல்கள் வேறுபக்கம் இழுத்தன, இவள் விடவில்லை. ஏழுவரை போனபிறகு இழுப்பு குறைந்தது. இரண்டாம் தடவை இவள் கை சும்மா மேலே இருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் தடவை கையை எடுத்துவிட்டாள். ஈரமண்ணில் பத்தும் நேராக நின்றன, இடமிருந்து வலமாக. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்ததுபோல இருந்தது டீச்சருக்கு. முகக்கவசம் இன்னும் தாடையிலேயே கிடப்பதை மணியடித்தபிறகுதான் கவனித்தாள்.

அவள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. வழக்கம்போலக் குளித்தாள், சமைத்தாள், தட்டை வைத்தாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள் போலிருக்கிறது, என்ன இன்றைக்குக் கச்சேரி என்று அவர் கேட்டார்.

அதற்கு மறுநாள் விடுமுறை. காலையில் தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டார். சுண்டுவின் அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்துப் பரிசோதனை செய்தார்களாம், தொற்று இருக்கிறதாம். சுண்டுவுக்கும் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. வகுப்பைச் சிலநாள் மூடிவைக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்.

"நீங்க தள்ளித்தான் நின்னிருப்பீங்க, இல்ல டீச்சர்? தள்ளி நின்னேன்னு சொன்னா வேற எதுவும் வேணாம். இங்க ஆளே இல்ல. உங்களையும் வீட்டுல உக்கார வெச்சா நான் யாரை வெச்சு நடத்துவேன்?"

ஒரு வார்த்தை போதும். யாரும் பார்க்கவில்லை. நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் கம்பி சுற்றும் கைப்பிடி சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஆமாம் சார் என்று வாய்வரை வந்துவிட்டது.

"இல்ல சார். கையைப் பிடிச்சு எழுத வெச்சேன். மாஸ்க்கும் போடல" என்றாள்.

தலைமையாசிரியர் திட்டவில்லை. பெருமூச்சு விட்டார். பரிசோதனைக்குப் போய்வாருங்கள், வீட்டில் சாரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கைப்பிடிச் சத்தம் நின்றிருந்தது. கதவு மெல்லிய பலகைதான், எல்லாம் கேட்டிருக்கும். இவள் கதவருகே போய் நின்று, திரும்பவும் ஒருமுறை முழுதாகச் சொன்னாள். நேற்று ராத்திரி தான் தட்டைக் கொண்டுவைத்தது, கதவிடுக்கு வழியாகப் பேசிச் சிரித்தது எல்லாம் கண்முன் வந்து பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் அவர் போனை எடுத்து அக்காவைக் கூப்பிடுவது கேட்டது.

நாத்தனார் ஒரு வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். முகக்கவசத்துக்குமேல் இன்னொன்றைக் கட்டியிருந்தாள். தம்பியைத் தன் வீட்டு மாடியறைக்குக் கூட்டிப்போகிறாளாம். டீச்சர் பின்வழியாகச் சுற்றிவந்து, முற்றத்தின் கடைசியில், துணிக்கொடிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டாள். திட்டட்டும், காது கொடுத்து வாங்கிக்கொள்வோம் என்று காத்திருந்தாள். நாத்தனார் ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளேபோய் மாத்திரைப் பையையும் துணிகளையும் தானே எடுத்து வண்டியில் வைத்தாள்.

அவர் வாசல்படி இறங்கி வந்து நின்றார். பகல் வெளிச்சத்தில் அவரை முழுதாகப் பார்த்து நாளாகிவிட்டது, இளைத்திருந்தார். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவார் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். சொல்லவில்லை.

"எனக்கு பயமா இருக்கு" என்றார்.

இத்தனை காலத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆபரேஷனுக்கு அழைத்துப்போனபோதுகூட வரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அந்தக் கையைப் பிடிச்சப்ப என் ஞாபகம் வரலையா உனக்கு?"

வந்தது என்று சொல்லியிருக்கலாம். வந்தும் பிடித்தேன் என்றால் அது வேறுவிதமான குற்றம், பாதியளவு மன்னிப்பாவது கிடைக்கும். டீச்சர் யோசித்துப் பார்த்தாள். ஈரமண் ஞாபகம் வந்தது, சில்லென்ற அந்தக் கை ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் எங்கேயும் இல்லை.

"வரலைங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கொடியில் காய்ந்த துணி ஒன்று காற்றில் புரண்டு இருவருக்கும் நடுவே வந்து போயிற்று.

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் பேசினாள். "எனக்கும்தான் வரல."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள படுக்க வெச்சாங்களே, அப்ப. யார் ஞாபகமும் வரல. வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்களே, அதுங்க ஞாபகமே வரலடா. இவன் ஒருத்தன்தான் கண்ணுல நின்னான். அதுங்க ஞாபகம் வந்திருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன்." முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "வெளியில யார்கிட்டயும் சொன்னதில்ல இதை. அதுக்காக நீ செஞ்சது சரின்னு நெனச்சுக்காதே. சரியே இல்ல. ஏறுடா வண்டியில."

அவர் ஏறினார். ஓட்டுநர் ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டார். வண்டி கிளம்பும்போது அவர் தலையை வெளியே நீட்டி, அந்தப் பிள்ளை நேராக எழுதியதா என்று கேட்டார். எழுதினாள் என்றாள் டீச்சர். கேட்டதோ என்னவோ, வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.